கண்புரைத் தரநிலை அளவீடு: ‘லாக்ஸ் 3’ முறையும் அறுவைக்கூடத்தின் தேவையும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கண்புரை அறுவைக்கு வருவோரின் நோய்த்தாளில் புரையின் தரநிலை ஓர் எண்ணாகப் பதியப்படுகிறது. அவ்வெண் பெரும்பாலும் 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘லாக்ஸ் 3’ முறையிலிருந்தோ அதன் தளர்ந்த வடிவங்களிலிருந்தோ பெறப்படுகிறது. புரை ஆண்டுக்காண்டு எவ்வளவு வளர்கிறது என்பதை அறிய அமைக்கப்பட்ட அளவுகோல், அறுவை எவ்வளவு கடினமாக இருக்கும், யாருக்கு அது தேவை என்னும் வேறு வினாக்களுக்கு விடையாகக் கொள்ளப்படும்போது நேரும் சிக்கல்களை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கண்புரை, தரநிலை, லாக்ஸ் 3, உட்கரு, வெண்புரை, முற்றல், அறுவை இடர்.

முன்னுரை

விழிவில்லையின் ஒளிபுகுதன்மை குன்றுவதே கண்புரை. அது ஒரே நோயன்று. வில்லையின் நடுவிலுள்ள உட்கரு மஞ்சளித்துக் கெட்டிப்படுவது ஒரு வகை. உட்கருவைச் சூழ்ந்த புறணியில் சக்கர ஆரங்கள் போல வெண்கோடுகள் படர்வது மற்றொரு வகை. பின்னுறையை ஒட்டிச் சிறு தகடு போல மாசு படிவது மூன்றாவது. இதனைப் பின் உறையடிப் புரை என்பர். ஒரே கண்ணில் மூன்றும் கலந்திருப்பதுண்டு. தோன்றும் இடத்தாலும் வளரும் விரைவாலும் பார்வையைக் கெடுக்கும் முறையாலும் வேறுபட்ட இம்மூன்றையும் அளவிட்டு எண்ணாக்கும் முயற்சியே தரநிலை அளவீடு.

இன்று கண் மருத்துவத் துறையில் வெளிவரும் ஆய்வேடுகளில் ‘உட்கரு 3’, ‘உட்கரு 4’ என்னும் குறிப்புகள் விளக்கமின்றியே வருகின்றன. எடையையோ குருதி அழுத்தத்தையோ போல அவை நேரடி அளவீடுகள் எனக் கொள்ளப்படுகின்றன. உண்மையில் அவை ஒப்பீட்டுத் தீர்ப்புகள். ஒரு மருத்துவர் ஒரு கண்ணைப் பார்த்து, முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்ட சில ஒளிப்படங்களுள் இது எதனை ஒக்கும் என்று முடிவு செய்கிறார். அப்படங்களை யார், எவற்றிலிருந்து, எதற்காகத் தேர்ந்தார் என்னும் வினாக்கள் எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன.

‘முற்றல்’ என்னும் பழைய அளவை

எண்களுக்கு முன் சொற்கள் இருந்தன. சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என எண்ணி, காசம், படலம் முதலிய பெயர்களின்கீழ் நிறத்தையும் வாத பித்த கபக் குற்றங்களையும் கொண்டு பகுத்தது. மக்கள் வழக்கில் ‘கண்ணில் பூ விழுந்தது’ என்னும் தொடர் கருவிழியில் ஏற்படும் தழும்புக்கும் வில்லையில் ஏற்படும் வெண்மைக்கும் பொதுவாக வழங்குகிறது. முன்னதற்குப் புரை அறுவையால் பயனில்லை, பின்னதற்கு உண்டு என்பதால் இப்பொதுமை சொல்லளவில் நிற்கும் குறையன்று.

இவற்றைவிட ஆழமாக வேரூன்றிய சொல் ‘முற்றல்’. புரை முற்றட்டும், பிறகு எடுக்கலாம் என்னும் அறிவுரை இரண்டு தலைமுறைகளுக்கேனும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வழங்கிவந்துள்ளது. இதனை அறியாமை என ஒதுக்குவது பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தாவியெல் வில்லையை வெளியே எடுக்கும் அறுவையைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்து, முற்றாத புரையில் தொடுவது உண்மையிலேயே தீங்காக இருந்தது. முற்றாத புறணி தெளிவாகவும் ஒட்டும் தன்மையுடனும் இருக்கும். எடுத்தபின் துணுக்குகள் கண்ணுக்குள் தங்கி அழற்சியை விளைவிக்கும். முற்றிய புரை உறையிலிருந்து எளிதில் பிரியும். எனவே ‘முற்றியது’ என்பதற்கு ‘அறுவைக்கு உகந்தது’ என்பதே பொருளாயிற்று. காயும் கனியும் சார்ந்த இவ்வுருவகம் ஆங்கில மருத்துவ நூல்களிலும் இருந்தது. இந்திய நோய்த்தாள்களில் இன்றும் ஐஎம்சி, எம்சி, எச்எம்சி என்னும் சுருக்கங்களாக, அதாவது முற்றாத, முற்றிய, மிகமுற்றிய புரைகளாக அது வாழ்கிறது.

1967இல் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன் ஒலிமீறிய அதிர்வால் வில்லையைக் கரைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையை அறிமுகப்படுத்தினார். அம்முறை பரவியபின் மதிப்பீடு தலைகீழாயிற்று. உட்கரு கெட்டிப்படக் கெட்டிப்படக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. அவ்வாற்றல் கருவிழியின் உட்பரப்பிலுள்ள, மீண்டும் வளராத செல்களைச் சிதைக்கிறது. காத்திருத்தலால் நோயாளிக்குக் கிடைத்துவந்த நன்மை தீமையாக மாறிவிட்டது. சொல் மட்டும் மாறவில்லை. மருத்துவர் ‘முற்றிவிட்டது’ எனும்போது காலம் கடந்ததைச் சொல்கிறார். கேட்பவர் வேளை வந்ததாகப் புரிந்துகொள்கிறார். சொற்களின் இந்த ஈரடித்தன்மையிலிருந்து விடுபடும் வழியாகவே எண்கள் வரவேற்கப்பட்டன. அவ்விடுதலை கிடைத்ததா என்பதே ஆராயத்தக்கது.

‘லாக்ஸ் 3’: உருவாக்கமும் நோக்கமும்

லியோ சைலாக்கும் அவருடன் பணியாற்றியோரும் 1988இல் முதல் முறையையும் 1989இல் இரண்டாம் முறையையும் 1993இல் மூன்றாம் முறையையும் வெளியிட்டனர். மூன்றாவது பிறந்ததற்கான காரணங்களை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியுள்ளனர். இரண்டாம் முறையில் படங்களுக்கிடையிலான இடைவெளிகள் சமமாக இல்லை. நிறத்தை ஒப்பிட ஒரே ஒரு படம் இருந்தது. முழு எண்களில் மட்டுமே தரமிட முடிந்தது. தரமிடுவதில் ஏற்கத்தக்க பிழை வரம்பு அகன்றிருந்தது. தம் முந்தைய கருவியின் குறைகளை இவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்த ஆய்வறிக்கைகள் மருத்துவ இலக்கியத்தில் மிகுதி எனச் சொல்வதற்கில்லை.

புதிய முறையில் உட்கருவின் ஒளிமங்கலையும் நிறத்தையும் ஒப்பிடப் பிளவு விளக்கின்வழி எடுத்த ஆறு படங்கள் உள்ளன. விழித்திரையிலிருந்து திரும்பிவரும் செவ்வொளியில் எடுத்த படங்கள் புறணிப் புரைக்கு ஐந்து, பின் உறையடிப் புரைக்கு ஐந்து. உட்கருவுக்கு 0.1 முதல் 6.9 வரையும், ஏனைய இரண்டுக்கும் 0.1 முதல் 5.9 வரையும் தசம எண்களால் தரமிடலாம். இரு படங்களுக்கு இடைப்பட்ட நிலையைத் தசமம் காட்டும்.

படங்கள் பாஸ்டனில் நடைபெற்ற கண்புரை நெடுங்கால ஆய்வு ஒன்றின் படத்தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. முறையின் பிறப்பிடத்தைக் காட்டும் செய்தி இது. நெடுங்கால ஆய்வுக்கு வேண்டியது, ஒரே கண்ணைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, மாற்றத்தை நுணுக்கமாக உணரும் கருவி. அத்தகைய ஆய்வில் தொடர்ந்து பங்கேற்போர் மருத்துவ வசதிக்கு அருகில் வாழ்பவர்கள்; பார்வை கெட்டால் அறுவை செய்துகொண்டு ஆய்விலிருந்து விலகிவிடுவார்கள். ஆகவே படத்தொகுப்பில் தொடக்க, இடைநிலைப் புரைகளே மிகுந்திருப்பது இயல்பு. அளவுகோலின் கோடுகள் அப்பகுதியில் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அமைந்ததற்கும், மேல்முனையில் திடீரென முடிந்ததற்கும் இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு.

தன் நோக்கத்திற்குள் இம்முறை சிறப்பாகவே பணியாற்றியிருக்கிறது. தென்னிந்தியக் கிராமங்களில் 798 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து, பீட்டா கரோட்டினும் சி, ஈ உயிர்ச்சத்துகளும் புரை வளர்ச்சியைத் தடுக்குமா என்று ஆராய்ந்த சீரற்றத் தெரிவு ஆய்வு 2006இல் வெளிவந்தது. அதில் முதன்மை விளைவாகக் கொள்ளப்பட்டது உட்கரு ஒளிமங்கலின் மாற்றம்; அளவிட்ட கருவி ‘லாக்ஸ் 3’. உயிர்ச்சத்துகளால் வேறுபாடில்லை என்ற அதன் முடிவு நம்பத்தக்கதாக இருப்பதற்குக் கருவியின் நுண்மையும் ஒரு காரணம். மருந்து பயன்தராது என்று துணிந்து சொல்லவும் நல்ல அளவுகோல் வேண்டும்.

பிழை வரம்பும் முழு எண்ணும்

1993ஆம் ஆண்டு அறிக்கை தரும் மிக இன்றியமையாத செய்தி படங்களின் எண்ணிக்கையன்று, பிழை வரம்பே. இரண்டாம் முறையில் எல்லா வகைக்கும் 2.0 ஆக இருந்த 95 விழுக்காட்டு வரம்பு, மூன்றாம் முறையில் உட்கரு ஒளிமங்கலுக்கும் நிறத்திற்கும் 0.7, புறணிக்கு 0.5, பின் உறையடிப் புரைக்கு 1.0 எனக் குறைந்தது. பயிற்சி பெற்றோர் சீரான சூழலில் தரமிட்டபோது கிடைத்த எண்கள் இவை. உட்கருவுக்கு 3.4 என்றும் 3.9 என்றும் இருவர் தரமிட்டால் அவர்கள் முரண்பட்டதாகச் சொல்ல முடியாது. பின் உறையடிப் புரையில் ஒரு முழுப் படியே ஐயத்திற்குரியது.

இவ்வரம்பை நினைவில் வைத்துப் புறநோயாளர் பிரிவின் நடைமுறையைப் பார்த்தல் வேண்டும். ஒப்பீட்டுப் படங்கள் பிளவு விளக்கின் அருகே ஒளிப்பெட்டியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது முறையின் அடிப்படை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் இடங்களில் படங்கள் பெரும்பாலும் மருத்துவரின் நினைவில்தான் உள்ளன. விளக்கின் ஒளிர்வு கருவிக்குக் கருவி மாறுபடும். கண்மணி எவ்வளவு விரிந்துள்ளது என்பதும் மாறுபடும். இறுதியில் தசமம் கைவிடப்பட்டு முழு எண் எழுதப்படுகிறது. இரண்டாம் முறையின் குறைகளுள் ஒன்றாக ஆசிரியர்கள் சுட்டிய முழு எண் தரமிடல், மூன்றாம் முறையின் பெயரிலேயே திரும்பிவந்து அமர்ந்துகொள்கிறது.

பெயரற்ற எண்ணின் நிலை இன்னும் மோசமானது. ‘உட்கருத் தடிப்பு 2’ என்றொரு குறிப்பு எந்த அளவுகோலைச் சார்ந்தது? நான்கு படிகளாலான வாய்வழி மரபில் அது பாதி வழி. எமரி, லிட்டில் இருவரும் 1970களின் இறுதியில் ஃபேக்கோ அறுவைக்கென வகுத்த ஐந்து படி முறையில் அது மென்மையான மஞ்சள் உட்கரு. ‘லாக்ஸ் 3’இல் தொடக்கநிலை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட எளிய முறை மூன்று ஒப்பீட்டுப் படங்களை மட்டுமே கொண்டது. அதில் இரண்டு என்பது கணிசமான புரை. ஒரே இலக்கம் நான்கு வேறு கண்களைக் குறிக்க வல்லது. முழத்தையும் அடியையும் மீட்டரையும் குறிக்காமல் ‘இரண்டு’ என்று மட்டும் எழுதிய நிலப்பத்திரத்தை எந்தப் பதிவாளரும் ஏற்கமாட்டார், நோய்த்தாள் ஏற்கிறது.

அளவுகோல் முடியும் இடம்

உட்கரு அளவுகோலின் ஆறாவது படத்தைக் காட்டிலும் கருத்த வில்லைகள் அனைத்தும் 6.0க்கும் 6.9க்கும் இடையில் அடங்கியாக வேண்டும். ஆழ்ந்த பழுப்பும் காப்பிக்கொட்டை நிறமும் கருமையும் அங்கே ஒன்றாகின்றன. அறுவை மருத்துவருக்கோ அங்கேதான் வேறுபாடுகள் பொருளுடையவை. பழுப்பு உட்கருவை ஃபேக்கோவால் உடைக்கலாம். கருமைக்குச் சென்றுவிட்ட உட்கருவை அவ்வாறு உடைக்க முனைவதைவிடச் சிறுகீறல் வழியே முழுமையாக வெளிக்கொணர்வது கருவிழிக்குப் பாதுகாப்பானதாக இருக்கலாம். முறையை மாற்றும் அளவுக்கு முக்கியமான எல்லைக்கோடு, அளவுகோலின் கடைசிப் பெட்டிக்குள் புதைந்து கிடக்கிறது.

சைலாக்கே இதனை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றுண்டு. 2003இல் டேவிசனுடன் இணைந்து, ‘லாக்ஸ் 3’ எண்களுக்கும் ஃபேக்கோ அறுவையில் செலவாகும் ஆற்றலுக்குமான உறவை அவர் ஆராய்ந்தார். அவ்வுறவு நேர்கோடாக இல்லை. படி உயர உயரச் செலவு அடுக்கேற்றமாக வளர்ந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்குச் செல்வதும் ஐந்திலிருந்து ஆறுக்குச் செல்வதும் கண்ணுக்குச் சம இடைவெளிகள், அறுவைக்கருவிக்குச் சமமல்ல. சம இடைவெளி என்பதே மூன்றாம் முறையின் பெருமை. அப்பெருமை தோற்றத்தைப் பற்றியது, கடினத்தன்மையைப் பற்றியது அன்று. தரநிலைகளின் சராசரியைக் கணக்கிட்டு இரு அறுவைக் குழுக்கள் ‘ஒத்தவை’ என முடிவுசெய்யும் ஆய்வேடுகள் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. ஒரு குழுவில் எல்லோரும் நான்கு, மற்றொன்றில் பாதிப்பேர் இரண்டு, பாதிப்பேர் ஆறு என்றாலும் சராசரி நான்குதான். இரண்டாவது குழுவின் அறுவைக்கூடத்தில் நிகழ்வது வேறு.

பார்சிலோனாவில் பராக்கர் முதலியோர் 2017இல் வெளியிட்ட ‘பிசிஎன் 10’ முறை உட்கருவைப் பத்துப் படிகளாக்கிக் கருமை வரை நீட்டியது இக்குறையை நிரப்பவே. நிறமே கடினத்தின் குறி என்னும் எமரி–லிட்டில் கருத்தை அது ஏற்று விரிவாக்குகிறது. நிறத்தைக் கொண்டு நோயைப் பகுத்த பழைய மருத்துவ மரபுகளை நகைத்தவர்கள் கவனிக்கத்தக்க திருப்பம் இது.

வெண்புரையின் சிக்கல் வேறு தன்மையது. அங்கே அளவுகோல் முடிந்துவிடுவதில்லை, தொடங்கவே முடிவதில்லை. புறணி முழுதும் வெளுத்துவிட்டால் பிளவு விளக்கின் ஒளி உட்கருவை எட்டாது. விழித்திரையின் செவ்வொளியும் திரும்பிவராது. ஒப்பிடுவதற்குப் பார்க்க வேண்டியதே மறைந்துவிட்டபின் எந்தப் படத்தோடு ஒப்பிடுவது? நோய்த்தாளில் புறணி 5.9 என்று எழுதலாம். அதனால் அறியக்கூடியது எதுவுமில்லை. ‘வெண்புரை’ என்ற ஒரே தோற்றத்திற்குள் மூன்று வேறு கண்கள் இருக்கக்கூடும். நீரேறி உப்பிய வில்லை ஒன்று: உறைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் முன்னுறையில் கீறல் இட்டவுடன் அது விளிம்புவரை கிழிந்தோடும். டிரிப்பான் நீலச் சாயம் பூசிய உறை இருபுறமும் விலகி நடுவில் வெண்மை தெரிவதால் அறுவை மருத்துவர்கள் இதனை ‘அர்ஜென்டினாக் கொடி’ என அழைப்பதுண்டு. மற்றொன்றில் புறணி பால்போல் உருகி, பழுப்பு உட்கரு அடியில் அமிழ்ந்து கிடக்கும்; இது மோர்காக்னிப் புரை. மூன்றாவது, கெட்டியான வெண்புறணிக்குள் ஒளிந்த கடின உட்கரு. இம்மூன்றிலும் கீறலிடும் முறையும் எதிர்பார்க்க வேண்டிய இடையூறும் வெவ்வேறு.

இது அரிதான நிலையன்று. முகாம்களின் வழியே நோயாளிகள் திரட்டப்படும் தென்னிந்தியச் சூழலில் வெண்புரையும் பழுப்புப் புரையும் அன்றாடக் காட்சிகள். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிறுகீறல் அறுவையைப் பெரும் எண்ணிக்கையில் நடத்தும் முறையை வளர்த்தெடுத்தது இத்தகைய கண்களை முன்னிட்டே. அந்நிறுவனத்தின் புதுச்சேரி மருத்துவர்கள் ஃபேக்கோவையும் சிறுகீறல் அறுவையையும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில் 270 நோயாளிகள் இடம்பெற்றனர். பார்வை விளைவில் இரண்டும் ஒத்திருந்தன. சிறுகீறல் அறுவை விரைவாக முடிந்தது. அவ்வாய்வேட்டின் தலைப்பிலேயே நோயாளிகளை அடையாளப்படுத்துவது தசம எண் அன்று, ‘வெண்புரை’ என்னும் சொல். அளவுகோல் கைவிட்ட இடத்தில் ஆய்வாளர்கள் சொல்லையே நம்ப வேண்டியதாயிற்று.

இடரின் பங்காளிகள்

அறுவையில் நேரும் முதன்மையான இடையூறு பின்னுறை கிழிந்து விட்ரியஸ் கூழ்மம் முன்னுக்கு வருதல். இதனை முன்னறிய உதவுமா என்பதே தரநிலையின் பயனைச் சோதிக்கும் உரைகல். பிரித்தானியாவில் 55,567 அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான தேசியத் தரவுத்தொகுப்பு ஆய்வு, இவ்விடையூறு 1.92 விழுக்காடு நேர்ந்ததாகக் கண்டது. பழுப்பு அல்லது வெண்புரையுள்ள கண்ணில் அதன் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அதற்கு இணையாகவே நின்றது வேறொன்று: வில்லையின்மீது வெண்செதில் படிந்து, தாங்கும் இழைகள் தளர்ந்துபோகும் போலிச்செதிலுதிர்வு நிலை. சுருங்கிய கண்மணி, நீண்ட விழிக்கோளம், முதுமை, புரோஸ்டேட் சுரப்பி சார்ந்த கோளாறுக்கும் குருதி அழுத்தத்திற்கும் உண்ணும் டாக்சசோசின் மாத்திரை, மல்லாந்து படுக்க இயலாமை, அறுவை செய்பவரின் பயிற்சிநிலை ஆகியனவும் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றுள் பெரும்பாலானவை வில்லையின் மங்கலோடு தொடர்பற்றவை. மூச்சிரைப்பால் படுக்க முடியாத ஒருவரின் மென்மையான புரை, அமைதியாகப் படுத்திருப்பவரின் கடினமான புரையைவிட இடர் மிகுந்ததாக இருக்கலாம்.

இதற்கு முன்பே, 2004இல் முஹ்தசப் முதலியோர் 1441 அறுவைகளை முன்னோக்கிப் பின்தொடர்ந்து ஒரு புள்ளிமுறையை வகுத்தனர். அடர்ந்த புரைக்கும் போலிச்செதிலுதிர்வுக்கும் வில்லை நடுக்கத்திற்கும் கூடுதல் புள்ளிகள், பிறவற்றுக்கு ஒவ்வொன்று. புள்ளிகளின் கூட்டுத்தொகை கொண்டு எந்த நோயாளியை எந்த அனுபவமுடைய மருத்துவரிடம் ஒப்படைப்பது என முடிவு செய்யலாம். இம்முறையில் புரையின் தரம் ஓர் உறுப்பு மட்டுமே, அதுவும் மிகப் பருமனான வடிவில், அடர்ந்ததா இல்லையா என்ற அளவில் மட்டுமே இடம்பெறுவது கருத்தில் கொள்ளத்தக்கது. பயிற்சி மருத்துவருக்கு ‘உட்கரு 2, எளிது’ எனக் கண்ணொன்றை ஒதுக்கும் வழக்கத்தின் ஆபத்து இங்கே தெளிவாகிறது. அந்த இரண்டு, இழைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கணக்கில் வராத பார்வை

தரநிலை வில்லையை அளக்கிறது. நோயாளி இழப்பதோ பார்வையை. இரண்டுக்கும் உள்ள உறவு எதிர்பார்ப்பதைவிடத் தளர்வானது. பின் உறையடிப் புரை நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்தாலும் வெயிலில் கண்மணி சுருங்கியவுடன் பார்வை வழி அடைபடுகிறது. பிற்பகலில் வயலிலோ உப்பளத்திலோ வேலை செய்பவர் கண்கூச்சத்தால் ஒடுங்கிப்போவார். ஊசியில் நூல் கோக்கும் தையற்காரர் அருகுப் பார்வையை இழப்பார். மங்கிய வெளிச்சமுள்ள மருத்துவ அறையில், மருந்திட்டு விரித்த கண்மணியோடு செய்யப்படும் தரமிடல் இந்நிலையை ‘1’ என்றோ ‘2’ என்றோ பதியும். மறுபுறம், உட்கரு கெட்டிப்படும்போது அதன் ஒளிவிலக்கும் ஆற்றல் கூடிக் கிட்டப்பார்வை உண்டாகிறது. எழுபது வயதில் கண்ணாடியின்றிச் செய்தித்தாள் படிக்க முடிகிறதே என்று மகிழ்பவரின் தரநிலை நான்காக இருக்கலாம். புறணிப் புரையின் ஆரங்கள் விழிவண்ணப்படலத்தின் பின்னால் ஒதுங்கியிருந்தால் பரப்பளவுக் கணக்கு பெரிதாகவும் பார்வைக் கேடு சிறிதாகவும் இருக்கும்.

பார்வையிழப்பை வாழ்க்கையின் மொழியில் அளக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1994இல் அமெரிக்காவில் உருவான ‘விஎஃப் 14’ வினாநிரல் பதினான்கு செயல்களைக் கேட்கிறது. அவற்றுள் கார் ஓட்டுதலும் காசோலை நிரப்புதலும் உண்டு. இவ்வினாக்கள் தமிழகக் கிராமத்து மூதாட்டிக்குப் பொருந்தா என்பது வெளிப்படை. ஆஸ்ட்ரிட் ஃபிளெட்சர் முதலியோர் தென்னிந்தியக் கண்புரை நோயாளிகளிடையே ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட அளவீடு தன்னைத்தான் பேணுதல், நடமாட்டம், சமூக உறவு, மனநிலை ஆகியவற்றைக் கொண்டு அமைந்தது. மண்ணுக்கேற்ற கருவி கையிலிருந்தும் அன்றாட நோய்த்தாளில் அதற்குக் கட்டமில்லை. உட்கரு எண்ணுக்குக் கட்டம் உண்டு. வினாநிரலுக்குச் சில நிமிடங்கள் ஆகும், எண்ணை எழுத நொடி போதும் என்ற நடைமுறைக் காரணம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் ‘உங்கள் புரை இன்னும் இரண்டாம் நிலைதான்’ என்று கூறித் தையற்காரரைத் திருப்பி அனுப்பும்போது, அந்நொடி அவருக்கு ஓராண்டுக் கூலியாகலாம்.

இயந்திரம் கற்கும் எண்

அண்மைக் காலமாகப் பிளவு விளக்குப் படங்களிலிருந்து கணினி தானே தரநிலையைக் கணிக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. ஒருவர் தரமிடுவதற்கும் மற்றவர் தரமிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவை நீக்கக்கூடும். ஒரே படத்திற்கு ஒரே விடை கிடைக்கும். ஆயினும் கணினி கற்பது மனிதர் முன்பு இட்ட எண்களிலிருந்தே. பயிற்சித் தரவில் முழு எண்கள் இருந்தால் அது முழு எண்களையே தரும், 0.7 என்னும் பிழை வரம்பும் விடைக்குள் கரைந்திருக்கும். உட்கரு தெரியாத படங்கள் ‘தரமிட இயலாதவை’ எனப் பயிற்சிக்கு முன்பே ஒதுக்கப்பட்டால் வெண்புரை அக்கணினிக்கு அறிமுகமே ஆகாது. துல்லியம் இத்தனை விழுக்காடு என அறிவிக்கும் ஆய்வேட்டில் முதலில் தேட வேண்டியது, ஒதுக்கப்பட்ட கண்கள் எத்தனை என்னும் வரியைத்தான்.

அறுவைக்கு முந்தைய நோய்த்தாளைப் பொறுத்தவரை வேண்டுவன பெரிய மாற்றங்கள் அல்ல. எண்ணுக்கு முன்னால் முறையின் பெயர் எழுதப்பட வேண்டும். உட்கரு தெரியவில்லை என்றால் எண்ணை ஊகித்து எழுதாமல் ‘உட்கரு தெரியவில்லை’ என்றே எழுதலாம். உப்பியதா, உருகியதா, கெட்டித்ததா என்று மூன்று சொற்களுள் ஒன்றைச் சேர்க்கலாம். வில்லை நடுக்கமும் செதில் படிவும் கண்மணியின் விரிவும் புரைத் தரத்தின் அதே வரியில் இடம்பெறலாம். நோயாளி செய்யும் வேலை என்ன, அவ்வேலையில் இப்போது எது இயலவில்லை என்பதற்கு ஒரு வரி போதும். தமிழில் விளக்கும்போது ‘முற்றிவிட்டது’ என்பதற்கு மாற்றாக ‘கெட்டிப்பட்டுவிட்டது, இனித் தாமதித்தால் அறுவை கடினமாகும்’ என்று சொல்லலாம். ‘கெட்டி’ என்ற சொல்லில் காத்திருக்கச் சொல்லும் குறிப்பில்லை.